பக்கத்து அறையில் போதைப்பொருள் என்று சந்தேகமா? வன்னியில் வாடகைக்கு வந்திருப்பவர்களுக்கு

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ முல்லைத்தீவுக்கோ மாற்றலாகி வருகிறவர்களில் அதிகம் பேர் முழு வீடு எடுப்பதில்லை. ஒரு வளவுக்குள் நாலைந்து அறை, ஒரு கிணறு, ஒரு மோட்டர், ஒரு மலசலகூடம், ஒரு கேற். ஆசிரியர்கள், தாதியர், வங்கி உத்தியோகத்தர்கள், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள், அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படிக்கிற மாணவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த வளவில் ஓர் அறையில் ஏதோ சரியில்லை என்று பட்டால் என்ன செய்வது, யாரிடம் போவது, எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பிடிப்பது பொலிஸின் வேலை, ஆளைத் திருத்துவது வைத்தியரும் வீட்டாரும் பார்க்க வேண்டிய வேலை. அறை வாடகைக்கு எடுத்தவருக்கு இரண்டு வேலைதான்: தன் அறையையும் பெயரையும் அந்த விவகாரத்திலிருந்து விலக்கி வைப்பது, கண்ணால் கண்டதை உரிய இடத்தில் ஒப்படைப்பது. இதற்கு மேல் போகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கே வினை தேடிக்கொள்கிறார்கள்.

1. அது அதுதானா என்று பாருங்கள்

ராத்திரி ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வன்னியில் ராத்திரி விழித்திருக்கப் பல காரணம் உண்டு. கனடாவில் அண்ணன் இருக்கிறவனுக்கு, அண்ணன் வேலை முடித்து வரும் நேரம் இங்கே விடியப்புறம். முற்றத்தில் நின்று மணிக்கணக்கில் போனில் கதைப்பான். ஆடைத் தொழிற்சாலை பஸ் இருட்டோடு வந்து ஹோர்ன் அடிக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லு வெட்டும் மெஷினோடு போகிற பொடியள் எந்த நேரத்திலும் வருவார்கள், போவார்கள். நெடி என்றால் நுளம்புச் சுருளாக இருக்கலாம், மூலையில் வைத்திருக்கும் வயல் மருந்தாகவும் இருக்கலாம். ஊசி கிடந்தால் அந்த வளவில் இன்சுலின் போடுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் யோசியுங்கள். இலங்கையில் ஹெரோயின் பாவிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஊசி ஏற்றுவதில்லை. வெள்ளித் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள். அதனால் ஊசியை விடக் கருகிய வெள்ளித் தாள் துண்டுகள்தான் கவனிக்க வேண்டியவை.

அப்படியானால் எதைப் பார்த்து யோசிக்க வேண்டும்? வேறு வேறு ஆட்கள் வந்து, உள்ளே இருக்காமல், இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுவது. கதவு முழுதாகத் திறக்காமல் இடுக்கு வழியே கை மட்டும் வந்து போவது. கேற்றடியில் நின்று பெயர் சொல்லாமல் “அண்ணை நிக்கிறாரோ?” என்று கேட்பவர்கள். கருகிய வெள்ளித் தாள், உடைந்த கண்ணாடிக் குழாய், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பொலித்தீன் பக்கற்றுகள், நோயாளி இல்லாத அறையில் குவிந்து கிடக்கும் வெற்று மாத்திரை அட்டைகள். வளவில் இருந்து மோட்டர் வயர், காஸ் சிலிண்டர், தண்ணீர்க் குழாய்த் தலை என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போவது. இவற்றில் ஒன்று ஒரு நாள் நடந்தால் அது ஒன்றுமில்லை. பல சேர்ந்து, கிழமைக் கணக்கில் தொடர்ந்தால் கவலைப்படத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஆள் யார் என்பதைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள். முன்னாள் போராளி, தனியாக இருக்கிற பெண், மலையகத்திலிருந்து வந்த குடும்பம், தலைமயிர் நீளமாக விட்ட பொடியன் என்று ஊர்க்கதை முதலில் இவர்கள் மேல்தான் விழும். விற்கிறவர் நேரத்துக்கு வாடகை கட்டி, “சேர்”, “ரீச்சர்” என்று மரியாதையாகக் கதைக்கிற ஆளாகவும் இருக்கலாம். நடப்பதைப் பாருங்கள், ஆளின் பின்னணியை விடுங்கள்.

2. எந்தச் சாமான் என்பதில் வித்தியாசம் உண்டு

வன்னியில் “போதை” என்று பொதுவாகச் சொல்வதற்குள் பலது இருக்கிறது. காட்டோரத்திலும் குளக்கட்டோரத்திலும் காய்ச்சும் கசிப்பு பழைய பிரச்சினை. அதை மதுவரித் திணைக்களமும் பொலிஸும் பார்க்கின்றன. கஞ்சா, முக்கியமாகக் கடல் வழியே வந்து மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இறங்கும் கேரளக் கஞ்சா, ஏ9 வீதி வழியே தெற்குக்குப் போகிறது. போகிற வழியில் சில இடங்களில் தங்கவும் செய்கிறது. இப்படித் தங்க வைக்க வாடகை அறை வசதியான இடம். ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமினும் ஹெரோயினும் அளவில் சிறியவை, சட்டத்தில் மிகப் பெரியவை. வலி மாத்திரை, நரம்பு மாத்திரைகளைப் போதைக்காக விழுங்குவது இப்போது இளம் பிள்ளைகளிடம் இருக்கிறது. மாவா, பீடா போன்றவை உடம்புக்குக் கேடுதான், ஆனால் அவற்றுக்காக ஐஸ் விவகாரத்துக்கு எடுக்கிற அளவு நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை.

சட்டத்தின் கனத்தை அறிந்து வைத்திருங்கள். நாட்டின் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்தது. அங்கே எல்லை 5 கிராம். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஆயுள் தண்டனை நிஜம். இப்படியான வழக்குகளில் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடைக்காது, மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலோ போக வேண்டி வரும். 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி சீனிக்குக் கொஞ்சம் கூட. அந்த அளவு சாமானை உங்கள் அறை யன்னல் விளிம்பில் ஒருவன் வைத்துவிட்டுப் போக அரை நிமிடம் போதும். அடுத்த பகுதியை நீட்டி எழுதுவது இதனால்தான்.

3. உங்கள் அறையையும் பெயரையும் தனியாக்குங்கள்

பொலிஸ் சோதனை வந்தால் வளவில் இருக்கிற எல்லாரையும்தான் விசாரிப்பார்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்தார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களே அதைக் கண்டித்தார்கள். அப்படியான நேரத்தில் “நான் பக்கத்து அறை” என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. தனி அறை என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

அறைக்குச் சொந்தப் பூட்டுப் போடுங்கள். வீட்டுக்காரர் தந்த பூட்டுக்கு முன்பு இருந்தவரிடமும் திறப்பு இருக்கலாம். 1,000, 2,000 ரூபாய் செலவழித்து நல்ல பூட்டொன்று வாங்குவது வீண் இல்லை. யன்னலுக்கு நெற் அடியுங்கள், நுளம்புக்கும் ஆகும். விறாந்தையில் உங்கள் சப்பாத்து றாக்கை, பழைய பெட்டி, சாக்கு எதையும் விட்டு வைக்காதீர்கள். பொது இடத்தில் இருக்கும் உங்கள் பெட்டிக்குள் வேறொருவர் ஏதாவது வைக்கலாம். மோட்டர் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இருக்கும் இடத்தைப் பூட்டி வையுங்கள். வெளியே போகுமுன் பைக் பக்கப் பெட்டியை ஒருக்காப் பார்க்கிற பழக்கம் நல்லது.

அடுத்தது உதவி கேட்டு வருவது. “ரீச்சர், இந்தப் பார்சலை ஒருக்கா வைச்சிருங்கோ, பின்னேரம் ஒரு பொடியன் வந்து எடுப்பான்” என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். வேண்டாம். “எனக்குப் பின்னேரம் வகுப்பு இருக்கு தம்பி, பொறுப்பெடுக்க ஏலாது” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். காரணம் நீட்ட வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். பைக்கைக் கடன் கொடுக்காதீர்கள். உங்கள் அடையாள அட்டையில் வேறொருவருக்குச் சிம் எடுத்துக் கொடுக்காதீர்கள். இதில் மிக முக்கியமானது வங்கிக் கணக்கு. “என்ர கணக்கில ஒரு பிரச்சினை, உங்கட கணக்குக்குக் காசு போடச் சொல்லட்டோ, எடுத்துத் தாங்கோ” என்று கேட்டால் ஒரே பதில்தான்: முடியாது. போதைப்பொருள் காசு இப்போது கையில் மாறுவது குறைவு. வங்கி வைப்பு, ஈசி காஷ் என்று போகிறது. காசு போன வழியைத் தேடி வரும் விசாரணை கணக்கின் பெயரில் வந்து நிற்கும்.

கிணற்றடியிலோ மலசலகூடக் கூரையிலோ தூள் பக்கற் ஒன்றைக் கண்டால் என்ன செய்வது? தொடாதீர்கள். எடுத்து ஒளிக்காதீர்கள், கிணற்றிலோ மலக்குழியிலோ போடாதீர்கள், “ஆதாரம்” என்று அறைக்குள் கொண்டுபோய் வைக்கவே கூடாது. கையில் எடுத்த நிமிடத்திலிருந்து அது உங்களிடம் இருந்த சாமான். தூரத்திலிருந்து ஒரு படம், நேரம், இடம் குறித்துக்கொண்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். வளவில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் அவர்களை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி மட்டும் என்றால் வெறுங்கையால் பொறுக்காமல் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். பி.எச்.ஐ. என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும்.

வாடகைப் பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் நிறையக் காணிகள் அரச அனுமதிப் பத்திரக் காணிகள். அவற்றை வாடகைக்குக் கொடுப்பதில் கட்டுப்பாடு இருப்பதால் வீட்டுக்காரர்கள் எழுத்தில் ஒப்பந்தம் தரத் தயங்குவார்கள். வற்புறுத்தி முறுக வேண்டாம். ஆனால் எந்தத் திகதியில் எந்த அறைக்கு வந்தீர்கள், முற்பணம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு என்பதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “ஓம்” என்று ஒரு பதிலாவது வாங்கி வையுங்கள். வாடகையை வங்கியில் போடுங்கள், ரசீதை வைத்திருங்கள். கிராம அலுவலரிடம் போய் இன்ன இடத்தில் தங்கியிருக்கிறேன் என்று பதிந்துகொள்ளுங்கள். பழைய ஆட்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். பொலிஸார் தங்குபவர் விபரப் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். பிறகு ஒரு நாள் “நீ யார், எந்த அறை” என்ற கேள்வி வந்தால் இவைதான் உங்களுக்காகக் கதைக்கும்.

4. கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்

ஒரு சின்னக் கொப்பி போதும். போனில் எழுதினால் போன் பறிபோகலாம், யாராவது எட்டிப் பார்க்கலாம். கொப்பியை வேலைத்தலத்தில் வையுங்கள், அறையில் வேண்டாம்.

“வெள்ளி இரவு 11.20. பின்பக்க வேலியால் இருவர் வந்தார்கள். மூன்றாம் அறைக் கதவைத் தட்டினார்கள். நாலு நிமிடத்தில் போனார்கள். கறுப்பு மோட்டர் சைக்கிள், இலக்கம் தெரியவில்லை.” இது பயன்படும். “இண்டைக்கும் தூள்காரர் வந்தாங்கள்” என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம், பொலிஸுக்கும் பயனில்லை, நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களையே மடக்கவும் உதவும்.

படம் எடுக்கிற விஷயத்தில் அடக்கம் வேண்டும். உங்கள் யன்னலிலிருந்து தெரிகிறதைப் பார்க்கலாம். அடுத்தவர் கதவிடுக்கில் போனை நீட்டுவது வேறு. ஆளைப் பின்தொடர்ந்து போவது, வாங்குகிறவன் போல நடித்துக் கேட்டுப் பார்ப்பது இரண்டும் சினிமாவில்தான் சரிவரும். பொதுக் கேற்றுக்குச் சிசிரிவி போட வேண்டுமென்றால் வீட்டுக்காரர் போடட்டும், எல்லாருக்கும் தெரிந்தே போடட்டும்.

முகநூலிலோ ஊர் வட்ஸ்அப் குழுவிலோ படத்தோடு போடுகிற ஆசை வரும். அதை அடக்குங்கள். பொய்யாக இருந்தால் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மானநட்ட வழக்கும் உங்கள் மேல் வரும். உண்மையாக இருந்தால் விற்கிறவன் அன்றைக்கே சாமானை மாற்றிவிடுவான், யார் போட்டது என்றும் கண்டுபிடித்துவிடுவான்.

5. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது

வீட்டுக்காரர் அதே வளவில் இருந்தால் பாதி வேலை குறையும். பெரும்பாலும் அவர் கொழும்பிலோ லண்டனிலோ இருப்பார், வாடகை சேர்ப்பது ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு அன்ரியோ. அந்த இடைத்தரகர் சந்தேகத்துக்குரியவரோடு நெருக்கமா என்று முதலில் பாருங்கள். நெருக்கமென்றால் நேரடியாக வெளிநாட்டு எண்ணுக்கே எழுதுங்கள்.

கதைக்கும்போது போதைப்பொருள் என்ற பேச்சையே எடுக்காமல் பாதிப்பை மட்டும் சொல்வது நல்லது. “அம்மா, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகும் கேற் திறந்து கிடக்குது. தெரியாத ஆக்கள் வந்து போகினம். நாங்கள் பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிறம், பயமாக் கிடக்கு. பத்து மணிக்குக் கேற் பூட்டச் சொல்லுங்கோ, பின்பக்கம் ஒரு லைற் போட்டுத் தாங்கோ.” இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கேட்டது கிடைத்தால் வியாபாரத்துக்கு அந்த வளவு ஒத்துவராமல் போகும். வெளிச்சமும் பூட்டிய கேற்றும் பல இடங்களில் பொலிஸ் வராமலே ஆளை இடம் மாற வைத்திருக்கின்றன.

வீட்டுக்காரர் உடனே ஆளை எழுப்பிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடகையில் இருப்பவரை எழுப்ப நீதிமன்றம்தான் போக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 2023இன் 1ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் கொஞ்சம் விரைவாக முடிக்கலாம். பூட்டை உடைத்துச் சாமானைத் தெருவில் போட்டால் வழக்கு அவர் மேலேயே திரும்பும். அதேநேரம், தெரிந்துகொண்டே தொடர்ந்து இடம் கொடுப்பதும் அவருக்கு ஆபத்து. இதை நீங்கள் மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை, அவருக்குத் தெரிந்த வழக்கறிஞர் சொன்னால் போதும்.

ஆளோடு நீங்களே நேரில் கதைக்கலாமா? சத்தம், தண்ணீர், கேற், குப்பை பற்றி என்றால் கதைக்கலாம். “தம்பி, ராத்திரி மோட்டர் போட்டுவிட்டு நிப்பாட்டாமல் போட்டீங்கள், டாங்கி வழியுது” என்ற அளவில். போதை பற்றி வாயே திறக்காதீர்கள். ஊர்ப் பொடியளைச் சேர்த்துக்கொண்டு போய் அடித்துத் துரத்துவோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுங்கள். வாள்வெட்டு என்ற சொல் வடக்கில் ஏன் இவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

6. முறைப்பாடு

இதுதான் எல்லாருக்கும் கஷ்டமான இடம். வன்னியில் சீருடைக்காரரிடம் போய் அயலவனைப் பற்றிச் சொல்வது லேசான காரியம் இல்லை. காட்டிக்கொடுப்பு என்ற பழைய காயம் இந்த மண்ணில் இன்னும் ஆறவில்லை. பொலிஸில் சொன்னால் சொன்னவர் பெயர் அன்று பின்னேரமே விற்கிறவனுக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழியை யோசித்துத் தேர்ந்தெடுத்தால் ஆபத்தைக் குறைக்கலாம்.

உடனடி ஆபத்தென்றால் 119. உடனடி இல்லையென்றால் உள்ளூர்ப் பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, பொறுப்பதிகாரியை நேரில் சந்திக்க நேரம் கேளுங்கள். அந்த நிலையத்தில் நம்பிக்கை இல்லையென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்கோ, கொழும்பிலுள்ள பொலிஸ் போதைப்பொருள் தடுப்புப் பணியகத்துக்கோ பதிவுத் தபாலில் எழுதலாம். பெயர் போடாமலும் எழுதலாம். பெயர் போடாத கடிதத்துக்குப் பதில் வராது, ஆனால் திகதியும் நேரமும் வாகனமும் சரியாக இருந்தால் அதைக் கவனிக்காமல் விடுவதும் குறைவு. உங்கள் போனிலிருந்து அழைத்தால் இலக்கம் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

தனியாகப் போக வேண்டாம். பாடசாலை அதிபர், வேலைத்தலத்து மேலதிகாரி, கோயில் தலைவர், பங்குத் தந்தை, கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பல கிராமங்களில் சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அங்கே எல்லார் முன்னும் எழுந்து பெயர் சொல்வதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். “எங்கட ஒழுங்கைப் பக்கம் இரவு ரோந்து வேணும்” என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்துங்கள். மாணவர்கள் என்றால் மாணவர் ஆலோசகரிடம் முதலில் போவது நல்லது.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். சிங்களத்தில் எழுதிவிட்டு “கையெழுத்து வையுங்கோ” என்றால், வாசித்து விளங்காமல் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். பெண்கள் பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல விரும்பினால் நிலையத்திலுள்ள சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேட்கலாம். மிரட்டல் வந்தால் அதைத் தனி முறைப்பாடாகப் போடுங்கள். குற்றத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம்.

இராணுவ முகாமில் சொல்லலாமே என்று சிலர் சொல்வார்கள். வன்னியில் முகாம் இல்லாத இடம் குறைவு என்பதால் அந்த யோசனை இயல்பாக வருகிறது. அயல் அறை விவகாரத்துக்கு அது வழியில்லை. வழக்குப் போடுவதும் சாமானை நீதிமன்றத்தில் காட்டுவதும் பொலிஸ்தான்.

சோதனை வந்து உங்களையும் கூட்டிக்கொண்டு போனால் வாக்குவாதம் வேண்டாம். எந்த நிலையம், என்ன காரணம் என்று கேளுங்கள், ஒருவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் அறையைச் சோதிக்கும்போது நீங்கள் நின்று பார்க்க வேண்டும் என்று அமைதியாகக் கேளுங்கள். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அடித்தாலோ, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குச் சொல்லாவிட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு வெளியிலிருந்து ஒருவர் அழைக்கட்டும். வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

7. விற்கிறவர் இல்லை, பாவிக்கிறவர் என்றால்

பக்கத்து அறைப் பொடியன் விற்கவில்லை, அவனே அழிந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் நான் முதலில் பொலிஸுக்குப் போகமாட்டேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927இல் ஆலோசனை கேட்கலாம். கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனச்சுமை பற்றி என்றால் மனநல உதவி இலக்கமான 1926இலும் கதைக்கலாம். ஊரில் தாய் தகப்பன் இருந்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஆனால் “உங்கட மகன் தூள் அடிக்கிறான்” என்று தொடங்காமல், “அவனுக்கு உடம்பு சரியில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று அழையுங்கள். 2007இன் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவோடு கட்டாய சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. அது வீட்டார் எடுக்க வேண்டிய முடிவு.

ஒருவர் மயங்கிக் கிடந்தால், மூச்சு மெதுவானால், உதடு நீலமானால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. ஆளைச் சரித்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ தேசிக்காய்ப் புளியோ ஊற்றாதீர்கள். என்ன எடுத்தார் என்று தெரிந்தால் மறைக்காமல் அம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள், மாத்திரை அட்டை கிடந்தால் காட்டுங்கள். பொலிஸ் வருமே என்று யோசித்து நிற்கிற நேரத்தில் ஆள் போய்விடும்.

அந்த அறையில் பிள்ளைகள் இருந்து, பட்டினியோ அடியோ கண்டால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பெண்ணுக்கு அடி விழுந்தால் பெண்கள் உதவி இலக்கமான 1938க்கு.

8. இடம் மாறுவது

மாறுவது தோல்வி இல்லை, பல நேரம் அதுதான் சரியான முடிவு. மிரட்டல் வந்தால், பூட்டை யாரோ தொட்டிருந்தால், வீட்டுக்காரரே உடந்தை என்று பட்டால் மாத முடிவு வரை காத்திருக்க வேண்டாம். முதலில் உடுப்பும் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் மடிக்கணினியும் நண்பர் வீட்டுக்குப் போகட்டும், சாமான் பிறகு போகலாம். போகிற காரணத்தை அயலில் யாருக்கும் சொல்லாதீர்கள். “வேலைக்குக் கிட்டவா ஓர் அறை கிடைச்சிருக்கு” என்பது போதும்.

புது இடம் பார்க்கும்போது பகலில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று வீட்டுக்காரரைக் கேட்பதை விட எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் அந்த ஒழுங்கையின் முழு வரலாறும் வந்துவிடும்.

பழைய அறையை விடும் நாளில் வெற்று அறையை நாலு பக்கமும், அலுமாரியைத் திறந்து வைத்தும், படம் எடுங்கள். மின்மானி அளவையும் எடுங்கள். திறப்பைக் கையில் கொடுத்து, “இன்றைக்கு அறையை ஒப்படைத்துவிட்டேன்” என்று வட்ஸ்அப்பில் திகதியோடு அனுப்புங்கள். கிராம அலுவலரிடம் விலாச மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். முற்பணத்தைத் தர இழுத்தடித்தால் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அந்தச் சபையில் அடுத்த அறைக் கதையை எடுக்காதீர்கள். அங்கே கதைக்க வேண்டியது முற்பணம் மட்டும்.